பொய் சொல்லும் சென்சார்: திருத்துவதா, மாற்றுவதா, கழற்றி வைப்பதா?

மழைக்காலத்தில் ஒரு நாள் காலை, அம்மாதான் முதலில் கவனித்தாள். "மக்களே, மீனுக்கு வெந்நி வச்சிருக்கியா?" என்று அடுக்களையிலிருந்து வரும் வழியில் நின்று கேட்டாள். போகிற போக்கில் தொட்டியின் கண்ணாடியைத் தொட்டுப் பார்த்திருக்கிறாள். தண்ணீரின் வெப்பத்தைப் பார்த்து ஹீட்டரைப் போட்டு அணைக்கும் கண்ட்ரோலரின் சிவப்பு எண்கள் 26.1 என்று சாதுவாகக் காட்டிக்கொண்டிருந்தன. கையை விட்டால், குழந்தையைக் குளிப்பாட்ட விளாவி வைத்த தண்ணீர் மாதிரி இருக்கிறது. நான்கு ஏஞ்சல் மீன்களும் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. மேசை இழுப்பறையில் கிடந்த பழைய கண்ணாடி வெப்பமானியைத் தேடி எடுத்துப் போட்டேன். 33.

ஹீட்டர் பிளக்கைப் பிடுங்கினேன். (பிடுங்கிவிட்டுத்தான் கையை விட்டிருக்க வேண்டும். அவசரத்தில் முறை மாறிவிட்டது.) ஏர் பம்ப்பை முழு வேகத்தில் வைத்துவிட்டு, கிணற்றுத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக, அரை மணிக்கு ஒரு தடவை மாற்றினேன். ஐஸ் கட்டி போடச் சொன்னவர்கள் உண்டு. போடவில்லை. ஏறினதைவிட வேகமாக இறக்கினால் அதுவே மீனுக்கு இன்னோர் அடி. மூன்று பிழைத்தன. ஒன்று சாயங்காலம் போய்விட்டது.

எப்படி ஒரே ராத்திரியில் இவ்வளவு ஏறியது என்று பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். தொட்டியில் 60 லிட்டர் தண்ணீர், உள்ளே 100 வாட் ஹீட்டர். வெப்பம் வெளியே கசியாது என்று வைத்துக்கொண்டால் மணிக்கு 1.4 டிகிரி ஏறும். எட்டு மணி நேரத் தூக்கத்துக்கு 11 டிகிரி. கண்ணாடி வழியாகவும் மேற்பரப்பு வழியாகவும் கசிந்தது போக மீதி ஏழு டிகிரி. போதாக்குறைக்கு, 25 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் 8.3 மில்லிகிராம் வரை ஆக்சிஜனைத் தாங்கும், 30 டிகிரியில் ஏழரை மில்லிகிராம்தான். தண்ணீர் சுடச்சுட மீனுக்கு மூச்சுத் தேவை கூடும், தண்ணீரிடம் கொடுக்க இருப்பதோ குறையும். மேலே வந்து வாய் திறந்ததற்கு அதுதான் காரணம்.

அன்றைக்கே ஆலோசனைகள் வந்து குவிந்தன. கடைக்காரர் புது கண்ட்ரோலர் வாங்கச் சொன்னார். குலசேகரத்தில் டிஸ்கஸ் மீன் வளர்க்கும் மாமா, "லே மருமவனே, கொறச்சிக் காட்டுதுன்னா கூட்டி வையி, அதுக்கு எதுக்குடே பைசா?" என்றார். குளச்சல் மச்சானோ, "அதத் தூக்கி தூரப் போடு. நம்ம ஊர்ல மீனுக்கு எதுக்கு ஹீட்டர்?" என்றான். மூன்றும் ஒன்றுக்கொன்று ஒத்துவராது. ஆனால் மூன்றுக்கும் ஓரோர் இடம் இருக்கிறது என்பது எனக்குப் பிறகுதான் பிடிபட்டது. அந்த இடம் எது என்று பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை.

குற்றவாளி சென்சார்தானா?

புரோப்பை, அதாவது தண்ணீருக்குள் தொங்கும் சென்சார் நுனியை, குப்பையில் போடுவதற்கு முன் நான்கு விஷயங்களைப் பார்க்கலாம். சென்சார் கெட்டுவிட்டது என்று சொல்லப்படும் வீடுகளில் பல தடவை சென்சார் நன்றாகவே இருக்கும்.

முதலாவது, புரோப் தண்ணீருக்குள் இருக்கிறதா? சிரிக்க வேண்டாம். உறிஞ்சுக் குமிழ் இற்றுப்போய், வயர் மேலே சுருண்டு, புரோப் காற்றில் தொங்கிக்கொண்டிருக்கும். அது அறையின் வெப்பத்தைக் காட்டும். நனைந்த புரோப்பில் காற்று பட்டால் அதற்கும் கீழே காட்டும். ராத்திரி முழுக்க ஹீட்டர் ஓயாது. தண்ணீர் ஆவியாகி மட்டம் இறங்கினாலும் இதே கதை.

இரண்டாவது ரிலே, அதாவது ஹீட்டருக்குக் கரண்டைக் கொடுத்து நிறுத்தும் சுவிட்ச். கண்ட்ரோலர் காட்டும் எண்ணும் கண்ணாடி வெப்பமானி காட்டும் எண்ணும் ஒத்துப்போகிறது, ஆனாலும் ஹீட்டர் விளக்கு அணையவில்லை என்றால், ரிலேயின் முனைகள் பொறி பட்டு ஒட்டிக்கொண்டிருக்கும். சென்சாரை எத்தனை தடவை மாற்றினாலும் பயனில்லை. கண்ட்ரோலர் இல்லாத வெறும் ஹீட்டரிலும் இந்த நோய் உண்டு. மலிவான ஹீட்டர்களுக்குள் இருக்கும் ஈருலோகத் தகட்டின் முனைகள் இதே மாதிரி ஒட்டும்.

மூன்றாவது, புரோப் வைத்திருக்கும் இடம். ஹீட்டருக்கு ஒட்டி வைத்தால் கூட்டிக் காட்டும். நீரோட்டம் இல்லாத மூலையில், சரளைக்குள் புதைந்து கிடந்தால் சோம்பேறித்தனமாகக் காட்டும்.

நான்காவதுதான் என் வீட்டில் நடந்தது. புரோப்பின் வயர் கண்ட்ரோலருக்குள் நுழையும் ஜாக்கை லேசாகத் திருகினேன். 26.1 ஒரே குதியில் 32.8 ஆனது. கழற்றிப் பார்த்தால் பித்தளை முனையில் பச்சைக் களிம்பு. பழைய செம்புப் பானையில் புளி போட்டுத் தேய்ப்போமே, அதே களிம்பு. ஏர் பம்ப்பின் குமிழி வெடித்து வெடித்துத் தெறித்த நீர்த்துளி வயர் வழியாக இறங்கி ஜாக்கில் போய் உட்கார்ந்திருக்கிறது. வயரை ஜாக்கின் மட்டத்துக்குக் கீழே ஒரு வளைவு தொங்க விட்டு மேலே ஏற்றியிருந்தால் துளி அந்த வளைவிலேயே சொட்டிப் போயிருக்கும். ஒரு பைசா செலவில்லாத வேலை.

எந்தப் பக்கம் பொய் சொல்கிறது?

கெட்டுப்போன சென்சாரைப் பற்றி முடிவெடுக்க, அது எவ்வளவு தவறாகக் காட்டுகிறது என்பதைவிட எந்தத் திசையில் தவறாகக் காட்டுகிறது என்பது முக்கியம். இதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

மலிவான கண்ட்ரோலர்களில் வருவது பெரும்பாலும் என்டிசி தெர்மிஸ்டர். வெப்பம் கூடினால் மின்தடை குறையும், அவ்வளவுதான் அதன் சூட்சுமம். 25 டிகிரியில் 10 கிலோ ஓம் இருக்கும் வகை சாதாரணம். 26 டிகிரியில் அது சுமார் 9.6 கிலோ ஓம், 28ல் 8.8, 30ல் 8. டிகிரிக்கு நானூறு ஓம் போல இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளலாம். கண்ட்ரோலருக்கு வெப்பம் என்று எதுவும் தெரியாது. அது ஓமைப் பார்த்து டிகிரியை ஊகிக்கிறது.

இப்போது ஜாக்கில் களிம்பு ஏறினால், வழியில் கூடுதலாக ஒரு தடை சேர்கிறது. மொத்தத் தடை கூடியதால் கண்ட்ரோலர், 'தண்ணீர் குளிர்ந்துவிட்டது' என்று நினைக்கும். ஹீட்டரைப் போடும். என் வீட்டில் இரண்டரைக் கிலோ ஓம் அளவுக்குக் களிம்பு இருந்திருக்க வேண்டும். 33ஐ 26 ஆக்க அது போதும்.

மாறாக, புரோப்பின் உலோக மூடிக்குள் தண்ணீர் கசிந்தால், தெர்மிஸ்டருக்குப் பக்கத்திலேயே மின்சாரத்துக்கு இன்னொரு குறுக்குவழி திறக்கிறது. மொத்தத் தடை குறைகிறது. 100 கிலோ ஓம் அளவுக்கு மெல்லிய கசிவு இருந்தாலே 28 டிகிரித் தண்ணீரை 30 என்று காட்டிவிடும். கண்ட்ரோலர் ஹீட்டரை அணைத்துவிடும். தண்ணீர் மெல்ல மெல்ல அறையின் வெப்பத்துக்கு இறங்கும்.

ஊட்டியில் இருப்பவருக்கு இரண்டாவது பொய்தான் எமன். குமரி மாவட்டத்தில் இருக்கும் நமக்கு முதலாவது. நாகர்கோவிலிலோ தக்கலையிலோ ஹீட்டர் அணைந்து கிடந்தால் தொட்டி போய்ச் சேரும் இடம் 24, 25 டிகிரி. பெரும்பாலான மீன்களுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஹீட்டர் அணையாமல் எரிந்தால் போய்ச் சேரும் இடம் வேறு. ஆகவே நம் மாவட்டத்தில், சென்சார் கூட்டிக் காட்டினால் ஒரு வாரம் பொறுத்துக்கூடப் பழுது பார்க்கலாம். குறைத்துக் காட்டினால் அந்த நிமிஷமே பிளக்கைப் பிடுங்க வேண்டும்.

கோடைக்குக் குளிர்விக்கும் விசிறியைக் கண்ட்ரோலரில் மாட்டியிருப்பவர்களுக்கும் குறைத்துக் காட்டும் சென்சார்தான் எதிரி. விசிறி சுற்றவே சுற்றாது.

திருத்தம் போட்டு ஓட்டுவது

மாமா சொன்ன வழி. எஸ்டிசி-1000 வகைக் கண்ட்ரோலரில் எஃப்4, டபிள்யூ1209 என்ற சிறு கண்ட்ரோலர் பலகையில் பி4 என்று ஓர் அமைப்பு இருக்கிறது. அதில் கூட்டல் கழித்தல் எண்ணைப் போட்டால் காட்டும் அளவு அந்த அளவுக்கு நகரும். செலவில்லை, இரண்டு நிமிஷ வேலை.

புது புரோப் ஒரு டிகிரி முன்னே பின்னே காட்டினால் இது சரியான வழி. எஸ்டிசி-1000இன் சொந்தத் துல்லியமே ஒரு டிகிரி கூட்டல் கழித்தல்தான், அதில் ஒளிவுமறைவு இல்லை. ஆனால் நேற்றுவரை சரியாகக் காட்டிவிட்டு இன்று தவறும் சென்சாருக்குத் திருத்தம் போடுவது, ஒழுகுகிற கூரைக்குக் கீழே வாளி வைப்பது மாதிரி. களிம்பு இன்றைக்கு இரண்டரைக் கிலோ ஓம், நாளைக்கு நான்கு. கசிவும் அப்படித்தான். இன்று போட்ட திருத்தம் நாளைக்குத் தவறான திருத்தம்.

அது நிலையான பிழையா, நகரும் பிழையா என்று பார்க்க இரண்டு இடத்தில் சோதிக்க வேண்டும். ஒன்று ஐஸ்: கட்டிகளை நன்றாக நொறுக்கி ஒரு ஃபிளாஸ்க்கில் நிரப்பி, இடைவெளி நிரம்பும் அளவுக்கு மட்டும் தண்ணீர் ஊற்றிக் கலக்கினால் 0 டிகிரி. இன்னொன்று வீட்டிலேயே இருக்கும் காய்ச்சல் வெப்பமானி. அது 35க்குக் கீழே உதவாது, ஆனால் 38 டிகிரியில் நாம் வாங்கக்கூடிய எதையும்விட நம்பகமானது. ஃபிளாஸ்க்கில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி புரோப்பையும் அதையும் சேர்த்து விட்டு, ஒரே நேரத்தில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு இடத்திலும் ஒரே அளவு பிழை என்றால் திருத்தம் போட்டுக்கொள்ளலாம். மறுநாளும் ஒரு தடவை பார்ப்பது நல்லது.

இங்கே ஒரு குழி இருக்கிறது. ஐஸை மட்டும் வைத்துத் திருத்தம் போடாதீர்கள். 10 கிலோ ஓம் புரோப்பிலேயே 3950 என்றும் 3435 என்றும் வெவ்வேறு பி-மதிப்பு உண்டு. அதாவது, வெப்பம் மாறும்போது தடை எவ்வளவு செங்குத்தாக மாறும் என்பதன் அளவு. 3950க்குச் செய்த கண்ட்ரோலரில் 3435 புரோப்பை மாட்டினால், 28 டிகிரித் தண்ணீரில் 27.6 என்று கிட்டத்தட்டச் சரியாகவே காட்டும். ஐஸில் மட்டும் 3 டிகிரி என்று காட்டும். நீங்கள் புத்திசாலித்தனமாக மூன்றைக் கழித்துவிட்டால், அதன்பின் 28 டிகிரித் தண்ணீர் அதன் கண்ணுக்கு 24.6. ராத்திரி ஹீட்டர் அணையாது. நல்ல சென்சாரை நாமே பொய்யனாக்கிவிடுவோம். மீன் வாழும் வெப்பத்தில், 26க்கும் 30க்கும் இடையில், ஒரு கண்ணாடி வெப்பமானியோடு ஒப்பிட்டுப் போடும் திருத்தம்தான் தொட்டிக்கு உதவும்.

புரோப்பை மட்டும் மாற்றுவது

கண்ட்ரோலர் நல்ல நிலையில் இருந்தால் இதுதான் நேர்வழி. நூறு ரூபாய் சுமாருக்குப் புரோப் கிடைக்கிறது. மின்தடையை அளக்கும் மல்டிமீட்டர் இருந்தால் பழைய புரோப்பைக் கழற்றி 20 கிலோ ஓம் அளவில் வைத்துப் பாருங்கள். கைக்குள் பொத்திப் பிடித்தால் 10 கிலோவிலிருந்து மெல்ல இறங்கி ஆறு ஏழு கிலோவுக்கு வர வேண்டும். தாவித் தாவி ஓடினால் உள்ளே தண்ணீர். தடை முடிவில்லாதது என்று காட்டினால் வயர் அறுந்திருக்கிறது. டபிள்யூ1209 பலகை இதைத் தானே சொல்லும்: வயர் அறுந்தால் எல்எல்எல், இரு வயரும் ஒட்டினால் எச்எச்எச் என்று எழுத்து வரும்.

வாங்கும்போது ஓம் மதிப்பைக் கேட்டு வாங்குங்கள். 'எல்லாம் ஒண்ணுதான் சார்' என்று 5 கிலோ ஓம் புரோப்பை நீட்டுவார்கள். அதை 10 கிலோ கண்ட்ரோலரில் மாட்டினால் 25 டிகிரித் தண்ணீரை 41 என்று காட்டும். உடனே பிடிபட்டுவிடும் பொய் என்பதால் ஆபத்தில்லை, அலைச்சல்தான்.

டிஜிட்டல் பக்கம் போவது இன்னொரு வழி. டிஎஸ்18பி20 என்ற சின்னச் சில்லு வெப்பத்தை உள்ளேயே எண்ணாக மாற்றி அனுப்பிவிடும். வழியில் கொஞ்சம் களிம்பு ஏறினாலும் எண் மாறாது. ஒன்று சரியாகச் சொல்லும், இல்லையென்றால் வாயை மூடிக்கொள்ளும். பிழை அரை டிகிரிக்குள். குறைத்துக் காட்டும் பொய்தான் நமக்கு எமன் என்று மேலே சொன்னேனே, அதற்கு இது நல்ல மருந்து. ஆனால் என்டிசி கண்ட்ரோலரில் இதை மாட்ட முடியாது. ஆர்டுயினோ மாதிரி நிரல் ஏற்றக்கூடிய ஒரு மின்னணுப் பலகையும் நிரல் எழுதத் தெரிந்த ஒரு பிள்ளையும் வேண்டும். சந்தையில் போலிச் சில்லுகளும் நிறைய.

எனக்கு அண்ணன் மகன் செய்து கொடுத்தான். வாளித் தண்ணீரில் சோதித்துப் பார்க்கும்போது புரோப்பின் வயரைப் பிடுங்கினேன். திரையில் -127. ரிலே 'டிக்' என்று சத்தம் போட்டு ஹீட்டரைப் போட்டது! சென்சாரைக் காணவில்லை என்பதைச் சொல்ல சில்லைப் படிக்க அவன் சேர்த்திருந்த ஆயத்த நிரல்தொகுப்பு அனுப்பும் எண் அது. எழுதினவன் அதைத் தண்ணீரின் குளிர் என்று எடுத்துக்கொண்டுவிட்டான். "சித்தப்பா, அது எரர் கோடு" என்று தலையைச் சொறிந்தான். கரண்டு போய் வந்ததும் சில சமயம் 85 என்று ஓர் எண் வரும். அதுவும் அளவு இல்லை, சில்லு விழித்ததும் சொல்லும் முதல் வார்த்தை. 10க்குக் கீழே, 40க்கு மேலே எது வந்தாலும் ஹீட்டரை அணை என்று ஒரு வரி சேர்த்த பிறகுதான் தொட்டிப் பக்கம் கொண்டுபோனோம். நீங்களும் யாரையாவது பிடித்துச் செய்யச் சொன்னால், வாங்கும் அன்றே அவர் கண் முன்னால் புரோப்பைப் பிடுங்கிப் பாருங்கள்.

எந்தப் புரோப் ஆனாலும் தண்ணீர் நுழைவது வயர் வெளிவரும் வாய் வழியாகத்தான். எஃகுக் குழாயின் நுனியில்தான் சென்சார் இருக்கிறது. நுனி கீழே, வாய் மேலே என்று செங்குத்தாக நிறுத்தி, வாய் மட்டும் நீர்மட்டத்துக்கு மேலே இருக்கும்படி கட்டினால் ஆயுள் கூடும். ஆனால் தண்ணீர் வற்ற வற்ற ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அந்தப் பொறுமை இல்லாதவர்கள் ஒரு சோதனைக் குழாயில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் விட்டு, அதற்குள் புரோப்பை இறக்கி, குழாயைத் தொட்டிக்குள் தொங்க விடலாம். வெப்பம் எண்ணெய் வழியாகப் போய்விடும், தண்ணீர் புரோப்பைத் தொடாது. மாற்றத்தைக் காட்டக் கொஞ்சம் தாமதமாகும், 60 லிட்டர் தொட்டிக்கு அது ஒரு குறையில்லை.

காவலுக்கு ஒரு காவல்

இரண்டு சென்சார் போட்டால் பாதுகாப்பு இரட்டிப்பாகும் என்று தோன்றும். ஒன்று 26, மற்றது 29 என்றால் யாரை நம்புவது? ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம். இங்கே கூத்தாடி ஹீட்டர். இரண்டில் எது கூடுதலாகக் காட்டுகிறதோ அதைக் கேட்டு ஹீட்டரை அணை என்று வைத்தால் மட்டும் நம் ஊருக்குப் பொருந்தும்.

அதைவிட எளிய வழி ஒன்று பலர் கையிலேயே இருக்கிறது. தெர்மோஸ்டாட் உள்ள, அதாவது வைத்த வெப்பம் வந்ததும் தானே அணையும், ஹீட்டரைக் கண்ட்ரோலர் வழியாக மாட்டி, ஹீட்டரின் சொந்தத் திருகை 29லும் கண்ட்ரோலரை 27லும் வைப்பது. கண்ட்ரோலரின் சென்சார் என்ன பொய் சொன்னாலும் 29ல் ஹீட்டர் தானே அணையும். இரண்டும் ஒரே ராத்திரியில் சேர்ந்து கெட்டால்தான் மீன் வேகும். நான் என் ஹீட்டரின் திருகை அதிகபட்சத்தில் வைத்திருந்தேன், 'கண்ட்ரோலர்தான் பார்த்துக்கொள்ளுமே' என்ற நினைப்பில். 34 வரை அதற்கு அனுமதி கொடுத்தது நானேதான்.

ஹீட்டரின் வாட்டைக் குறைப்பதும் ஒரு காவல்தான். லிட்டருக்கு ஒரு வாட் என்பது குளிர்நாட்டுக் கணக்கு. அறையைவிட இரண்டு மூன்று டிகிரி மட்டும் கூட்ட வேண்டிய நமக்கு 60 லிட்டருக்கு 25 வாட் போதும். விடாமல் எரிந்தாலும் அறை வெப்பத்துக்கு மேல் நான்கைந்து டிகிரியோடு அது மூச்சு வாங்கிவிடும். நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க எரிய விட்டுப் பார்த்தேன், 29ஐத் தாண்டவில்லை.

இதோடு வீட்டு மின்பலகையில் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (கரண்டு கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். சில மலிவு கண்ட்ரோலர்களில் சென்சார் வயர் மின்இணைப்பிலிருந்து முழுதாகப் பிரிக்கப்பட்டிருக்காது. கசிந்த புரோப் வழியாகத் தொட்டித் தண்ணீருக்கே கரண்டு வரலாம். இது மீனோடு முடியும் விஷயம் இல்லை.

மச்சான் சொன்னது சரியா?

ஹீட்டரையும் சென்சாரையும் சேர்த்தே கழற்றி வைப்பது. கேட்டதும் முரட்டு யோசனை மாதிரி இருந்தது. ஆனால் 2017 நவம்பர் 30ஆம் தேதி ஒக்கிப் புயல் அடித்தபோது மாவட்டத்தில் மின்கம்பங்கள் சாய்ந்து பல நாள் கரண்டு இல்லாமல் கிடந்தோமே, அப்போது எங்கள் வீட்டுத் தொட்டியில் ஹீட்டர் எரியவில்லை. குளிரால் ஒரு மீன்கூடச் சாகவில்லை. செத்த இரண்டும் காற்று இல்லாமல் செத்தவை. டம்ளரால் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றித்தான் மற்றதைக் காப்பாற்றினோம்.

குப்பி மீனுக்கு 22 முதல் 28 வரை சுகம். (மேற்கே விளவங்கோடு பக்கம் குப்பி என்றால் பாட்டில். மீன் என்று தெளிவாகச் சொல்லாவிட்டால் கடையில் வேறு ஏதாவது எடுத்து நீட்டுவார்கள்.) ஏஞ்சலுக்கு 24 முதல் 28. தங்கமீனுக்கு நம் ஊர்ச் சூடே கூடுதல், அதற்கு ஹீட்டர் போடுவது பாவம். இவற்றை வளர்ப்பவர் ஹீட்டர் வைத்திருப்பதே, கடையில் தொட்டி வாங்கும்போது கூடவே கட்டிக் கொடுத்ததால்தான்.

உங்கள் வீட்டுக்கு ஹீட்டர் தேவையா என்று அறிய ஒரு சென்சாரும் வேண்டாம். அம்மாவின் தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலைப் பாருங்கள். அது 24 டிகிரியை ஒட்டி உறையும். மார்கழி, தை விடியற்காலையில்கூட அது உறையாத அறை என்றால், அந்த அறையில் இருக்கும் ஏஞ்சல் தொட்டிக்கு ஹீட்டர் வீண். நாள் முழுக்க வெள்ளையாக உறைந்து கிடக்கிறது என்றால் யோசிக்கலாம்.

இதற்கு விலக்குகள் இருக்கின்றன. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக ஆடிக் காற்று வீசும் பக்கத்தில், ஜன்னலோரம் மூடியில்லாத தொட்டி வைத்திருந்தால் தண்ணீர் வேகமாக ஆவியாகி, அறையைவிட ஓரிரு டிகிரி கீழே போகும். அதற்கு ஹீட்டரைவிட ஒரு கண்ணாடி மூடி நல்லது. வெள்ளைப் புள்ளி நோய் வந்தால் தண்ணீரை 30க்கு ஏற்றி வைப்பது வழக்கம். ஒட்டுண்ணியின் சுழற்சி வேகமாகும், மருந்துக்கு அகப்படும் கட்டம் சீக்கிரம் வரும். அந்தச் சில நாட்களுக்கு ஹீட்டரும் சரியான அளவும் கட்டாயம் வேண்டும். ஆகவே கழற்றினால் எறிய வேண்டாம், பெட்டியில் வையுங்கள்.

மூன்று தொட்டி

மாமாவின் டிஸ்கஸ் இந்தக் கணக்குக்குள் வராது. அதற்கு 28க்கும் 30க்கும் இடையில், ஏற்ற இறக்கம் இல்லாமல் வேண்டும். குலசேகரத்தில் ரப்பர் தோட்டத்து நடுவில் ஓட்டு வீடு, மழைக்கால ராத்திரியில் குளிர் இறங்கும். ஆகவே சென்சார் இல்லாமல் அவருக்கு முடியாது, திருத்தம் போட்டு ஓட்டுவதும் கூடாது. டிஜிட்டல் புரோப், 50 வாட்டில் இரண்டு ஹீட்டர், இரண்டின் திருகும் 30ல் என்று மாற்றச் சொன்னேன். ஒரு ஹீட்டர் ஒட்டிக்கொண்டாலும் தனியாக அவருடைய 200 லிட்டரை வேக வைக்க முடியாது. முதலில் முனகினார். மீன் ஒன்று என்ன விலை என்று ஞாபகப்படுத்தியதும் சரி என்றார். வருடத்துக்கு ஒரு தடவை, கெட்டாலும் கெடாவிட்டாலும், ஐப்பசி இடிமழைக்கு முன்னால் புரோப்பை மாற்றிவிடுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். இடி நேரத்தில் பிளக்கைப் பிடுங்கும் பழக்கம் மட்டும் அவருக்கு இன்னும் வரவில்லை.

குளச்சல் மச்சான் சொன்னபடியே செய்தான், அவனுக்கு அதுவே சரி. கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் வீடு. உப்புக்காற்றில் அவன் வீட்டு ஜன்னல் கொண்டியே இரண்டு வருஷத்தில் இற்றுவிடும், ஜாக் எம்மாத்திரம்? அவன் தொட்டியில் குப்பியும் மோலியும்தான். இறால் வளர்க்க நினைத்தபோது மட்டும் ஒன்று சொன்னேன்: பழைய புரோப்பையோ பித்தளை இணைப்பையோ தண்ணீருக்குள் விட்டுவிடாதே, கரையும் செம்பு இறாலுக்கு நஞ்சு.

என் தொட்டியில் இப்போது ஹீட்டர் இல்லை. 25 வாட் ஒன்று பெட்டியில் இருக்கிறது. அண்ணன் மகன் செய்த டிஜிட்டல் பெட்டி வெப்பத்தை மட்டும் காட்டுகிறது, எதையும் இயக்குவதில்லை. அதற்குப் பக்கத்திலேயே அந்தக் கண்ணாடி வெப்பமானியைக் கட்டியிருக்கிறேன். இரண்டுக்கும் அரை டிகிரி வித்தியாசம். எது சரி என்று காய்ச்சல் வெப்பமானியை எடுக்கப் போனால், அம்மா அதை அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறாள். மீன் தொட்டியில் முக்கினதை இனி யார் வாயில் வைப்பது என்று கேட்கிறாள்.